பினாங்கில் சின்ன வெங்காயம்: விவசாயியின் சொந்த நிலத்தில் செயல்விளக்கத் திடல் அமைப்பது எப்படி?

2023 ஆகஸ்டில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி போட்டது. அந்த டிசம்பரில் ஏற்றுமதியையே நிறுத்தியது, 2024 மே மாதம்தான் தடையை எடுத்தது. மலேசியாவில் நாம் சாப்பிடும் வெங்காயம் கிட்டத்தட்ட முழுக்க கப்பலில் வருவது என்பதால், அங்கே ஒரு கையெழுத்து விழுந்தால் இங்கே மளிகைக் கடைத் தராசு ஆடும். அதற்குப் பிறகுதான் "நாமே போட்டால் என்ன?" என்று கேட்கிற குரல் கூடியது. மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டியும் பாவ் 1, பாவ் 2, பாவ் 3 என்று மூன்று சின்ன வெங்காய ரகங்களைக் கொண்டுவந்திருக்கிறது. 2030க்குள் சின்ன வெங்காயத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே விளைவிக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு.

ரகமும் இலக்கும் இருந்தால் மட்டும் பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், நிபோங் தெபாலிலோ சுங்கை பாக்காப்பிலோ அரை ஏக்கரில் கீரையும் வெண்டையும் போடுகிறவர் வெங்காயத்துக்கு மாறிவிட மாட்டார். மாறவும் கூடாது, கண்ணால் பார்க்காமல். அவருக்குக் கையேடு கொடுத்தாலும் சரி, மண்டபத்தில் உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினாலும் சரி, வீட்டுக்குப் போனதும் மறுபடி கீரை விதையைத்தான் எடுப்பார். பக்கத்து நிலத்தில், தன்னைப் போலவே கடன் வாங்கித் தன்னைப் போலவே மழையில் நனைகிற ஒருவர் வெங்காயம் எடுத்துக் காட்டினால்தான் அது அவருக்குக் கணக்கில் வரும். ஆகவே கூட்டுறவு, ஆலயக் குழு, இளைஞர் இயக்கம், விவசாய இலாகா என்று எங்கிருந்து நீங்கள் உதவ வந்தாலும் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: செயல்விளக்கத் திடல், அதாவது புதிய முறையைப் பயிரிட்டுக் காட்டும் துண்டு நிலம், விவசாயியுடையதாக இருக்க வேண்டும். கை அவருடையது, முடிவு அவருடையது, அறுவடையும் அவருடையது. கீழே சொல்வதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

யாருடைய நிலம்?

வட்டாரத்தின் சிறந்த விவசாயியைத் தேடாதீர்கள். அவர் எதைப் போட்டாலும் விளையும், மற்றவர்கள் "அவருக்கென்ன, டிராக்டர் இருக்கு, பம்பு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நடுத்தரமானவர் வேண்டும். பத்துப் பேர் போகிற வழியில் நிலம், தண்ணீர் வசதி, மற்றவர்களிடம் பேசுகிற சுபாவம், பேசினால் கேட்கிற மரியாதை. இந்த நான்கும் இருந்தால் போதும், படிப்பும் பட்டமும் தேவையில்லை.

நில உரிமத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள். நம் ஆட்கள் பலர் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில், டி.ஓ.எல். என்று சொல்வோமே, அதில்தான் பயிர் செய்கிறார்கள். அடுத்த வருடம் இந்த மண் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவரிடம் "மூன்று வருடத்தில் மண் வளமாகிவிடும் ஐயா" என்று சொல்வது நியாயமில்லை. அவருக்கு இந்த ஒரே போகத்தில் பலன் தெரியவேண்டும், செலவும் அதற்குள் அடங்கவேண்டும். திட்டத்தை அப்படித்தான் போட வேண்டும்.

யார் என்ன தருவது என்பதை நடவுக்கு முன்பே, நாலு பேர் முன்னிலையில் பேசி முடித்துவிடுங்கள். நிலம், உழைப்பு, வழக்கமாக வாங்கும் உரம், இவை அவருடையவை. விதை வெங்காயம், சுண்ணாம்பு, பூச்சி ஒட்டும் அட்டை, தராசு, இவற்றை நீங்கள் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தால் பார்க்க வருகிறவர்கள், "எனக்கும் சும்மா கொடுத்தால் நானும் செய்வேன்" என்ற ஒரே பாடத்தோடு திரும்புவார்கள். ஆனால் பயிர் அழிந்தால் அந்தப் பாத்தியில் அவருக்கு வழக்கமாக வரும் வருமானத்தை ஈடுகட்டுவதாக வாக்குக் கொடுங்கள், எழுதியும் கொடுங்கள். இது ஒன்றும் புதிதல்ல. 1903இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டெரல் என்ற ஊரில் சீமன் நாப் தொடங்கிய செயல்விளக்கம் இப்படித்தான் நடந்தது. போர்ட்டர் என்ற விவசாயி தன் நிலத்தில் தானே செய்தார், நட்டம் வந்தால் ஈடுகட்ட ஊர் வணிகர்கள் பணம் திரட்டி வைத்திருந்தார்கள். அவருக்கு லாபம்தான் வந்தது. அரசாங்கப் பண்ணைகளைப் பார்த்து மாறாத விவசாயிகள், போர்ட்டர் நிலத்தைப் பார்த்து மாறினார்கள்.

எதை மாற்றுவது?

எட்டுப் பத்து விவசாயிகளை உட்காரவைத்துக் கேளுங்கள். நீங்கள் பேசாதீர்கள், கேளுங்கள். அப்புறம் நல்ல மழை பெய்து ஒரு மணி நேரம் கழித்து அந்த நிலத்தில் நடந்து பாருங்கள். தண்ணீர் இன்னும் நிற்கிற இடம் வெங்காயத்துக்கு ஆகாது. மண்ணின் அமிலத்தன்மையை (pH) அளந்துவிடுங்கள். வெங்காயத்துக்கு 6 முதல் 7 வரை வேண்டும், நம் பக்கத்து மண் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். மண் மாதிரியை எங்கே கொடுப்பது என்று மாவட்ட விவசாய இலாகாவில் சொல்வார்கள்.

கேட்டதையும் பார்த்ததையும் வைத்து இரண்டு அல்லது மூன்று மாற்றங்களை மட்டும் எடுங்கள். பத்து மாற்றங்களை ஒரே திடலில் திணித்தால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது, பத்தையும் செய்யப் பணமும் யாரிடமும் இல்லை. செபராங் பிறைக்கு என்னைக் கேட்டால் இந்த மூன்று: உயர்த்திய பாத்தி, சுண்ணாம்பு, சரியாகத் தேர்ந்தெடுத்த விதையை அளவான இடைவெளியில் நடுவது. மருந்தும் விலை உயர்ந்த உரமும் இதற்குப் பிறகுதான்.

பெரிய வெங்காயம் போடலாமே என்று கண்டிப்பாக யாராவது கேட்பார்கள். பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே 5 பாகையில் இருக்கிறது, வருடம் முழுக்கப் பகல் சுமார் 12 மணி நேரம்தான். குளிர் நாட்டு ரகங்கள் 14 மணி நேரத்துக்கு மேல் பகல் இருந்தால்தான் கிழங்கு வைக்கும். இங்கே போட்டால் தாள் மட்டும் வளரும். சின்ன வெங்காயத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, 60 முதல் 70 நாளில் எடுத்தும் விடலாம்.

காலம் தவறினால் எல்லாம் தவறும்

நம் பக்கம் காய்ந்த காலம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரை மழை. அதனால் டிசம்பர் முதல் பாதியில் நட்டு பிப்ரவரி நடுவில் எடுப்பதுதான் பாதுகாப்பு. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் விதை வெங்காயத்துக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே சொல்லிவைக்க வேண்டும், சுண்ணாம்பு நவம்பர் நடுவில் போட வேண்டும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் அத்தனை தண்ணீர்ப் பந்தல், அத்தனை அண்டாச் சமையல், அதற்கு வெங்காயம் விற்றால் என்ன என்று ஆசை வரும். அந்தச் சந்தையைப் பிடிக்க நவம்பரிலேயே நட வேண்டியிருக்கும், அதாவது கொட்டும் மழையில். முதல் திடலில் அந்தச் சூதாட்டம் வேண்டாம். இரண்டு மூன்று போகம் கைவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திடலின் அமைப்பு

அடுத்தடுத்து இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றும் 50 சதுர மீட்டர். ஒன்றில் விவசாயி தான் எப்படிக் காய்கறி போடுவாரோ அப்படியே வெங்காயம் போடட்டும். மற்றதில் நீங்கள் பேசி முடிவு செய்த மாற்றங்கள். இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே தண்ணீர், முன்பு இருந்த பயிரும் ஒன்றே. நடவும் ஒரே நாளில். ஒன்றின் மேல் ரம்புத்தான் மர நிழல் விழுந்தால் ஒப்பீடு போச்சு. "நம்ம பக்கம் நல்லா வரணும்" என்று நினைத்து நல்ல மண்ணைப் புதிய முறைக்கு ஒதுக்கவும் கூடாது, வருகிறவர்களுக்கு அந்த நிலத்தைப் பற்றி உங்களைவிட நன்றாகவே தெரியும். எந்தத் துண்டு எதற்கு என்று சில்லறைக் காசைச் சுண்டி முடிவு செய்யுங்கள்.

இந்தியாவில் வேளாண் அறிவியல் நிலையங்கள் (முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது) விவசாயிகள் நிலத்தில் செய்கிற முதல்நிலைச் செயல்விளக்கத்திலும் விவசாயியின் வழக்கமான முறையைப் பக்கத்திலேயே வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். அந்தப் பக்கத்துத் துண்டை இடம் போதவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதை விட்டால் உங்களிடம் இருப்பது ஒரு வெங்காயப் பாத்தி, அவ்வளவுதான்.

பலகை ஒன்று வையுங்கள், தமிழிலும் மலாயிலும். ரகம், நட்ட தேதி, என்ன போட்டோம், எத்தனை கிலோ, எத்தனை ரிங்கிட். விவசாயியின் பெயர் பெரிதாக, உங்கள் அமைப்பின் பெயர் அடியில் சிறிதாக. பக்கத்து மலாய், சீன விவசாயிகளும் நின்று படிப்பார்கள், கேள்வியும் கேட்பார்கள், அது நல்லது.

பயிர் வேலை

புதிய முறைத் துண்டுக்கான அளவுகளை 50 சதுர மீட்டருக்கே சொல்கிறேன், ஹெக்டேர் கணக்கு அரை ஏக்கர்காரருக்கு உதவாது.

நடவுக்கு மூன்று வாரம் முன்பு சுமார் 10 கிலோ டோலமைட் சுண்ணாம்பைத் தூவி மண்ணோடு கலக்குங்கள், மண் பரிசோதனை வேறு அளவு சொன்னால் அதைக் கேளுங்கள். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் போடாதீர்கள். தழைச்சத்து ஆவியாகி மூக்கைத் துளைக்கும், பயிருக்குக் கிடைக்காது. ஒரு வாரம் பத்து நாள் விட்டு, நன்றாக மக்கிய கோழி எரு 50 கிலோ போடுங்கள். மக்காத எரு போட்டால் வேர் அழுகலை நீங்களே அழைத்துவந்த மாதிரி.

பாத்தி ஒரு மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம், இரண்டு பாத்திகளுக்கு நடுவில் கால் வைத்து நடக்கிற அளவுக்கு வாய்க்கால். இந்தோனேசியாவின் பிரெபெஸ் பகுதியில், அந்நாட்டின் சின்ன வெங்காயத்துக்கே பெயர்போன இடம் அது, பாத்திகளுக்கிடையே ஆழமான வாய்க்கால் வெட்டி, அதிலிருந்தே தண்ணீரை அள்ளிப் பயிருக்குத் தெளிக்கிறார்கள். தாழ்வான களிமண்ணில் அந்த முறை நமக்கும் பொருந்தும்.

விதை வெங்காயம் 5 முதல் 7 கிலோ பிடிக்கும். மளிகைக் கடை வெங்காயத்தை நடாதீர்கள். எந்த ரகம், எப்போது எடுத்தது என்று தெரியாது, அடித்தாள் அழுகல் நோயையும் கூடவே கொண்டுவரும். ஊருக்குப் போய்விட்டு வரும்போது பையில் போட்டுக் கொண்டுவருவதும் வேண்டாம். 1976ஆம் ஆண்டு பயிர்த் தனிமைப்படுத்தல் சட்டப்படி அனுமதியில்லாமல் நடவுப் பொருள் கொண்டுவரக் கூடாது, அதைவிட முக்கியம், புதிய நோய் ஒன்று நம் மண்ணில் ஏறினால் இறங்காது. மார்டியையோ விவசாய இலாகாவையோ கேட்டு வாங்குங்கள். எடுத்த உடனே வெங்காயம் முளைக்காது, இரண்டு மூன்று மாதம் உறங்க வேண்டும். நாலைந்தை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே பச்சைக் குருத்து பாதிக்கு மேல் ஏறியிருந்தால் நடலாம். இதை நடவு நாளன்று எல்லோர் முன்னாலும் வெட்டிக் காட்டுங்கள், ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். நடுத்தர அளவில் கெட்டியானவற்றை மட்டும் எடுத்து, அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கிடைத்தால் கலந்து, 15க்கு 15 சென்டிமீட்டரில், நுனி மண்ணோடு மட்டமாக இருக்கும்படி ஊன்றுங்கள். ஆழமாகப் புதைத்தால் அழுகும்.

உரம்: தமிழ்நாட்டில் சின்ன வெங்காயத்துக்குப் பரிந்துரைக்கும் அளவை நம் கடைகளில் கிடைக்கும் மூட்டைக்கு மாற்றினால், அடியுரமாக 15:15:15 கலப்பு உரம் ஒரு கிலோவும் மணிச்சத்து உரமான டி.எஸ்.பி. 325 கிராமும், 30ஆம் நாள் யூரியா 325 கிராமும் வருகிறது. கோழி எருவிலேயே தழைச்சத்து நிறைய இருப்பதால், இலை கரும்பச்சையாகத் தழைத்துக்கொண்டு நின்றால் யூரியாவைப் பாதியாகக் குறையுங்கள். கையால் குத்துமதிப்பாக வீசாமல் நிறுத்துப் போடுங்கள். அந்தத் தராசு திடலிலேயே இருக்கட்டும்.

தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். சாயங்காலம் இலை நனைந்து இரவெல்லாம் ஈரமாக இருந்தால் ஊதாப் புள்ளி நோய் வரும், மழை நாட்களில் இலை முறுக்கிக்கொண்டு கழுத்து நீளும் நோயும் வரும். அப்படி முறுக்கிய செடியைத் தயங்காமல் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். காய்ந்த வாரங்களில் இலைப்பேன் பெருகும். இலையில் வெள்ளி போட்ட மாதிரி கோடு தெரிந்தால் இலை பிரியும் இடுக்கில் பாருங்கள், அங்கேதான் ஒளிந்திருக்கும். நீல நிற ஒட்டும் அட்டை வைத்தால் எப்போது கூடுகிறது என்று தெரியும். பச்சைப்புழுவின் தாய் அந்துப்பூச்சி இலை நுனியில் கூட்டமாக முட்டையிடும், பொரித்த புழு குழல் போன்ற இலைக்குள் புகுந்துவிட்டால் எந்த மருந்தும் எட்டாது. அதனால் காலையில் ஒரு சுற்று நடந்து முட்டைக் குவியலோடு நுனியைக் கிள்ளுவதுதான் சிறந்த வைத்தியம். மருந்து தேவைப்பட்டால் வெங்காயத்துக்கென்று பதிவான மருந்து, லேபிளில் சொன்ன அளவு, அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்கள், மூன்றையும் பார்த்து அடியுங்கள்.

களை பற்றி ஒரு வரி: முதல் 40 நாள் சுத்தமாக இருந்தால் போதும், அந்த நாட்களில் வெங்காயத்தின் ஒல்லி இலையால் களையோடு போட்டி போட முடியாது.

அறுவடைக்குப் பத்து நாள் முன்பு தண்ணீரை நிறுத்துங்கள். பாதிக்கு மேல் தாள் சாய்ந்து கழுத்து மெலிந்தால் எடுக்கலாம். எடுத்ததை வெயிலில் பரப்பிவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள், பினாங்கு வானத்தை நம்ப முடியாது. தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, கூரைக்கடியில் காற்று ஓடும் இடத்தில் மூங்கிலில் ஏழெட்டு நாள் தொங்கவிடுங்கள். புழுக்கமாக இருந்தால் ஒரு மின்விசிறி வையுங்கள்.

யாரை, எப்போது கூப்பிடுவது?

ஒரே ஒரு வயல் விழா வைத்து, பந்தல் போட்டு, பிரமுகரைக் கூப்பிட்டுப் படம் எடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. நாலு முறை சின்னதாகக் கூடுங்கள்: நடவு நாள், முப்பதாம் நாள், நோயோ பூச்சியோ தெரிகிற நாள், அறுவடை நாள். மூன்றாவதுதான் முக்கியமானது, அதைத்தான் எல்லோரும் மறைக்கப் பார்ப்பார்கள். புழு விழுந்த அன்றே வாட்சாப்பில் "அண்ணே, வந்து பாருங்க" என்று தகவல் விடுங்கள்.

பிறை தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துவிட்டுத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் அதிகம். ஞாயிறு காலை 8 மணி பெரும்பாலும் ஒத்துவரும், 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். மலாய் நண்பர்களையும் கூப்பிடுகிறீர்கள் என்றால் சாப்பாட்டை அதற்கேற்ப ஏற்பாடு செய்யுங்கள். அப்புறம் பெண்கள். விதை பொறுக்குவது, களை எடுப்பது, கட்டுக் கட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான், ஆனால் அழைப்பு வீட்டு ஆண் பெயருக்குப் போகும். அக்காவையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இந்த இடைவெளியில் நட்டால் களை எடுக்க எவ்வளவு நேரம் கூடுகிறது என்ற கேள்விக்கு அவரிடம்தான் பதில் இருக்கும்.

பேசுகிறவர் விவசாயி. நீங்கள் ஓரமாக நின்று, அவர் கேட்டால் மட்டும் வாயைத் திறங்கள்.

எடையும் கணக்கும்

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மூங்கில் சட்டம் ஒன்று செய்து, ஒவ்வொரு துண்டிலும் ஐந்து இடத்தில் வைத்து, உள்ளே இருப்பதை மட்டும் பிடுங்கி நிறுங்கள். சட்டத்தை எங்கே வைப்பது என்று வந்தவர்கள் சொல்லட்டும். சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்றால் ஹெக்டேருக்கு 10 டன், ஏக்கருக்கு சுமார் 4 டன். ஆனால் சட்டம் பாத்தி மேல்தான் உட்காருகிறது, வாய்க்காலில் வெங்காயம் இல்லை. நிலத்தில் பத்தில் ஏழு பங்கு பாத்தி என்றால் வந்த எண்ணையும் பத்தில் ஏழாகக் குறைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் பெரிய எண்ணை அறிவித்தால், அடுத்த வருடம் ஒரு ஏக்கர் போட்டவர் உங்களைத் தேடிக்கொண்டு வருவார். உலர்ந்த பிறகு மறுபடி நிறுங்கள், விற்பது அந்த எடையைத்தான். அழுகல், பொடி, நல்லது என்று பிரித்தும் எழுதுங்கள்.

இனி முக்கியமான கணக்கு. வெங்காயம் ஒரு பாத்தியை 65 நாள் பிடித்துக்கொள்கிறது. அதே பாத்தியில் கீரை இரண்டு முறை அறுக்கலாம். ஆகவே வெங்காயம் லாபமா என்று கேட்காதீர்கள், அந்த 65 நாளில் கீரை கொடுத்திருக்கும் பணத்தைவிட வெங்காயம் கூடக் கொடுத்ததா என்று கேளுங்கள். பெரிய தாளில், எல்லோர் முன்னும், விதை, சுண்ணாம்பு, உரம், வேலை நேரம் என்று வரிவரியாக எழுதுங்கள். வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் கூலி போடுங்கள். விலையை யூகிக்க வேண்டாம். நடுவதற்கு முன்பே பினாங்கு ஸ்ட்ரீட் மளிகைக் கடைகள், நாசி கண்டார் கடைகள், கல்யாணச் சமையல்காரர்கள், அரசாங்க விவசாயச் சந்தை வாரியமான ஃபாமா என்று விசாரித்து, எந்த அளவு வெங்காயத்தை எந்த விலைக்கு எடுப்பார்கள் என்று எழுதி வையுங்கள்.

கணக்கில் கீரை ஜெயித்தால் அதையே சொல்லுங்கள். விவசாயியின் பழைய முறை புதியதை வென்றால் அதையும் சொல்லுங்கள், ஏன் என்று சேர்ந்து யோசியுங்கள். உங்கள் மாற்றத்தில் எது இந்த மண்ணுக்குத் தேவையில்லை என்று அப்போது தெரிந்துவிடும், அந்தச் செலவு அடுத்தவருக்கு மிச்சம்.

அடுத்த போகத்துக்கு விதை

பிப்ரவரியில் எடுத்த வெங்காயத்தை டிசம்பர் வரை பத்து மாதம் வைத்திருக்க நம் ஈரக் காற்றில் முடியாது, முளைத்தோ அழுகியோ போகும். அதனால் நல்ல கிழங்குகளில் கொஞ்சம் ஒதுக்கி, ஜூன் மாதம் சின்னதாக ஒரு விதைப் பாத்தி போடுங்கள், மேலே பிளாஸ்டிக் கூரையோடு. ஆகஸ்டில் எடுத்தால், உறக்கம் கலைந்து டிசம்பர் நடவுக்குத் தயாராக இருக்கும். முதல் திடல்காரர் அப்படிக் கிடைத்த விதையில் 5 கிலோவை அடுத்தவருக்குக் கொடுக்கட்டும். வாங்கினவர் தன் விதைப் பாத்தியிலிருந்து அதே எடையை மூன்றாமவருக்குக் கொடுக்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே பேசி வையுங்கள். நோய் கண்ட பாத்தியிலிருந்து மட்டும் ஒரு கிழங்குகூட விதைக்குப் போகக் கூடாது. வெங்காயம் எடுத்த பாத்தியில் உடனே மறுபடி வெங்காயம் வேண்டாம், சோளமோ பயற்றங்காயோ போட்டு மண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்.